நித்திரை கொள்ளும் எள்ளு

சண்டிலிப்பாயில் சனசமூக நிலையத்துக்குப் பின்பக்கமாக ஒரு நீள மண்டபம் இருக்கிறது. அதுதான் எங்கள் முன்பள்ளி. அழுதுகொண்டு வரும் மூன்று வயதுக்காரரும், அடுத்த தையில் முதலாம் வகுப்புக்குப் போகப்போகிறோம் என்ற மிதப்பில் திரியும் ஐந்து வயதுக்காரரும் அங்கே ஒன்றாக இருப்பார்கள். பெரியவர்கள் என்று சொன்னால் நானும், சமையலுக்கும் கூட்டித் துடைக்கவும் வரும் ஓர் அக்காவும்தான். மண்டபத்துக்குப் பின்னால் ஒரு துண்டுக் காணி, ஒரு கட்டுக் கிணறு, வேலி நெடுகப் பூவரசு. அந்தத் துண்டுக் காணியில் போன வருஷம் எள்ளு விதைத்தோம். அதைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் எள்ளைவிட ஒரு பிள்ளைதான் நிறைய இடம் பிடித்துக்கொள்கிறாள்.

வித்துக்களைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் சொல்லிக் கொடுக்கிறோம். யோகட் கோப்பைக்குள் நனைந்த பஞ்சு, அதன்மேல் நாலு பயறு, முளை விட்டதும் கைதட்டல். அதோடு பாடம் முடிந்துவிடும். முளைத்த பயறு பிறகு என்ன ஆனது என்று யாருமே கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை கூட்டும்போது அக்கா அள்ளிக் குப்பையில் போட்டுவிடுவார். எனக்கு அது கொஞ்சக் காலமாகவே உறுத்தியது. மண்ணுக்குள் போவதும் எங்கள் வாய்க்குள் போவதும் ஒரே வித்துத்தான் என்று பிள்ளைகள் கையால் தொட்டு அறியவேண்டும் என்று நினைத்தேன். ஒரே பையிலிருந்து பாதியை விதைப்பது, பாதியைப் பேக்கரிப் பணிஸின் மேல் தூவிச் சுட்டுச் சாப்பிடுவது. அவ்வளவுதான் திட்டம்.

சுடுவதற்கு இடம் இருந்தது. சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு பேக்கரி. பாண் சுடுவது இன்னும் விறகு போட்டு எரிக்கும் போறணை அடுப்பில்தான். அதை நடத்துகிறவர் குருநகர்க்காரர். தகப்பன், சகோதரர்கள் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவர் மட்டும் எங்கள் பக்கம் வந்து மாவோடு மாரடிக்கிறார். காலையில் பாண் விற்கும் அவருடைய ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தால் எங்கள் மண்டபத்தில் பாடம் நின்றுவிடும். பிள்ளைகளைக் கூட்டிவரலாமா என்று நான் கேட்டபோது, போறணைக்குக் கிட்ட வராமல் பார்த்துக்கொண்டால் சரி என்றார். பிறகு தானே யோசித்து, சின்னக் கைக்கு ஏற்ற மாதிரிச் சின்னப் பணிஸாகப் போட்டு வைக்கிறேன் என்றும் சொன்னார்.

மாசி மாதத்தின் தொடக்கம். மழை விட்டு நிலம் பதமாக இருந்தது. நான் ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் கொஞ்சம் எள்ளு வைத்து, இது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று கேட்டேன். ஒருவன் ஒன்றும் செய்யவில்லை என்றான். ஒருத்தி, ஒளித்துப் பிடித்து விளையாடுகிறது என்றாள். கடைசி வரிசையில், ஒரு சடையில் சிவப்பு ரிப்பனும் மற்றதில் நீல ரிப்பனும் கட்டியிருந்த பிள்ளை, நீங்கள் பேசி முடிக்கும்வரை உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளை, நிதானமாகச் சொன்னாள்.

"நித்திரை கொள்ளுது, ரீச்சர். எங்கடை அம்மான்ரை வயித்துக்குள்ளை தம்பி நித்திரை கொள்ளுறான். அது மாதிரி."

எனக்குப் பிடித்துவிட்டது. நாலு வயதுப் பிள்ளையிடமிருந்து இதைவிடச் சரியான பதில் வருமா? நான் அதையே எடுத்துக்கொண்டு பாடம் முழுக்க நடத்தினேன். எள்ளு நித்திரை கொள்கிறது, தண்ணீர் தெளித்து எழுப்புவோம், மெதுவாக எழுப்புவோம். எல்லாருமாக எள்ளை மணலோடு கலந்து பாத்தியில் தூவினார்கள். சத்தம் போடாமல் தூவவேண்டும் என்று தாங்களே ஒரு சட்டம் போட்டு, ஒருவருக்கொருவர் உதட்டில் விரல் வைத்துக் காட்டிக்கொண்டார்கள்.

மறுநாள் பேக்கரிக்குப் போனோம். தட்டுகளில் சின்னச் சின்னப் பணிஸ்கள் பொங்கி நின்றன. பேக்கரிக்காரர் அவற்றின் மேல் முட்டை பூசிக் கொடுக்க, பிள்ளைகள் எள்ளுத் தூவினார்கள். பாதி பணிஸில் விழுந்தது, பாதி நிலத்தில். அவர் நீண்ட பிடி போட்ட பலகையில் தட்டுகளை ஏற்றி, பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் போறணையைத் திறந்தார். உள்ளே செக்கச் சிவந்த வெக்கை. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். அந்த நேரத்தில்தான் என் சேலையை யாரோ பிடித்து இழுப்பது தெரிந்து குனிந்தேன்.

"உவை நித்திரையெல்லோ, ரீச்சர்," என்றாள் அந்தப் பிள்ளை. "உவைக்குச் சுடாதோ?"

தட்டு உள்ளே போய்விட்டது. கதவு மூடப்பட்டது. நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஏதோ வாசம் வருகிறது பார் என்று கதையை மாற்றினேன் என்று நினைக்கிறேன். பணிஸ் வெளியே வந்து ஆறியதும் எல்லாரும் கன்னமெல்லாம் எள்ளு ஒட்டச் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் தன் பணிஸை மடியில் வைத்து, நகத்தால் ஒவ்வோர் எள்ளாகக் கிள்ளி எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள். பேக்கரிக்காரர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

முன்பள்ளிக்குத் திரும்பியதும் பாத்தியின் மூலையில் விரலால் ஒரு குழி தோண்டி, பையிலிருந்ததைக் கொட்டி மூடினாள். சிரட்டையால் தண்ணீர் விட்டாள். நான் தடுக்கவில்லை.

கொஞ்ச நாளில் பாத்தி முழுக்க இரண்டிரண்டு இலையோடு பச்சை பிடித்தது. அவளுடைய மூலை மட்டும் அப்படியே இருந்தது. எறும்பு ஒரு வரிசையாக அங்கே போய் வந்துகொண்டிருந்தது. காலையில் வந்ததும் புத்தகப்பையைக்கூடக் கழற்றாமல் போய்க் குந்தியிருந்து பார்ப்பாள். மற்றப் பிள்ளைகள் தங்கள் தங்கள் கன்றுக்குப் பெயர் வைத்துச் சண்டை பிடித்தார்கள். அவள் அந்த வெறும் மூலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். அக்கா பொறுக்கமாட்டாமல், இரவில் இரண்டு நல்ல எள்ளை அங்கே போட்டுவிடட்டா என்று என்னிடம் கேட்டார். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அவள் பேசுகிறவரின் வாயைப் பார்க்கும் பார்வையை நினைத்தபோது அப்படிச் செய்ய மனம் வரவில்லை.

கடைசியில் அவளே வந்து கேட்டாள், ஏன் முளைக்கவில்லை என்று. நான் அவளை மடியில் இருத்தி உள்ளதைச் சொன்னேன். போறணைச் சூட்டில் எள்ளின் உயிர் போய்விட்டது, இனி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது எழும்பாது. அவள் அழவில்லை. இறங்கிப் போய்ச் சிரட்டையைக் கிணற்றடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்து தன் கதிரையில் இருந்தாள். அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

இரண்டு நாள் கழித்து அவளுடைய தாய் வந்தார். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த வயிறு. வெயிலில் நடந்து வந்து களைத்துப் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கதிரை எடுத்துப் போட்டேன். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

"ரீச்சர், பிள்ளை சோறு தொடுறாளில்லை," என்றார். "பிட்டு வேண்டாமாம், இடியப்பம் வேண்டாமாம், பருப்பும் வேண்டாமாம். எல்லாம் நித்திரை கொள்ளுற பிள்ளையளாம். நான் அடுப்பிலை உலையை வைச்சா குசினி வாசல்லை நிண்டு என்னைப் பாக்கிறாள். அரிசியைக் கையிலை வைச்சுக்கொண்டு நிக்கிறன்."

அப்படியென்றால் என்னதான் சாப்பிடுகிறாள் என்று கேட்டேன். வாழைப்பழம், பால், முட்டைக்கோப்பி. பிறகு கொஞ்சம் தயங்கி, மீன் பொரியல் என்றால் எவ்வளவு வைத்தாலும் சாப்பிடுகிறாள் என்றார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிந்ததும் அவர் முகம் மறுபடி வாடிவிட்டது. பிள்ளை மெலிந்துபோனாள் என்று அவருடைய மாமியார் சொல்கிறாராம், முன்பள்ளியில் என்ன பழக்குகிறார்கள் என்று கேட்கிறாராம்.

நான் அவளுக்குச் சொல்லிப் பார்க்காதது ஒன்றுமில்லை. வித்துக்கு வலிக்காது என்றேன். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள். குற்றிய அரிசி எப்படியும் முளைக்காது என்றேன். அப்படியென்றால் குற்றினது யார் என்றாள். பத்து மணிக்கு அக்கா தேங்காய்ப்பூப் போட்டு அவித்த பயறு கொடுத்தால், கோப்பையைக் கையில் வாங்கி, அடுத்த பிள்ளைக்கு அப்படியே தள்ளிவிடுவாள். அதற்குள் எள்ளுப் பாத்தியில் கன்றுகள் நெருங்கிப்போய் ஒன்றையொன்று அமுக்கின. ஐதாக்கவேண்டும். சிலவற்றைப் பிடுங்கினால்தான் மற்றவை தடிக்கும். அவள் முன்னால் அதைச் செய்ய எனக்குத் துணிவு வரவில்லை. சனிக்கிழமை ஒருவரும் இல்லாத நேரம் போய்ப் பிடுங்கினேன். பிடுங்கியதைக் கொண்டுவந்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன். என் கணவர் வேலியடியில் நின்று, என்ன களவெடுத்துக்கொண்டு வந்தவள் மாதிரி முழிக்கிறாய் என்று கேட்டார்.

அந்த நாட்களில் ஒரு காலை பேக்கரி ஓட்டோ வந்தபோது பேக்கரிக்காரர் வழக்கமாகப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பையோடு தனியாக ஒரு பணிஸும் எடுத்து நீட்டினார். எள்ளு இல்லாத வெறும் பணிஸ். அந்தப் பிள்ளைக்கு என்றார். அவள் மாவையும் தொடுவதில்லை, அதுவும் கோதுமை வித்துத்தானே என்கிறாள் என்று நான் சொன்னபோது அவர் தலையை ஆட்டினார்.

"எனக்கு அந்தப் பிள்ளையை விளங்குது, ரீச்சர்," என்றார். "சின்னனிலை ஐயாவோடை கரைக்குப் போனா வலையுக்கை மீன் துடிக்கும். என்னாலை பாக்கேலாது. எல்லாரும் பகிடி பண்ணுவினம். அதாலைதான் நான் கடலுக்குப் போகேல்லை. பாண் எண்டா ஒண்டுக்கும் நோகாது எண்டு நினைச்சு இந்தத் தொழிலுக்கு வந்தன். இப்ப இவள் வந்து எள்ளுக்குச் சுடாதோ எண்டு கேக்கிறாள்."

அவர் சிரித்துவிட்டு ஓட்டோவைத் திருப்பினார். நான் அந்தப் பணிஸைக் கொண்டுபோய் என் மேசையில் வைத்தேன்.

அன்றுதான் அவள் கேட்டாள். மற்றப் பிள்ளைகள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். அவள் என் மேசையடியில் வந்து நின்று, அம்மா சாப்பிடுகிற சோறு தம்பிக்குப் போகிறதாம், உண்மையா என்றாள். உண்மை என்றேன். போய் என்ன செய்யும் என்றாள். தம்பிக்குக் கையாகும், காலாகும், தலைமயிராகும் என்றேன்.

"அப்ப சோறு சாகேல்லையோ?"

இந்த இடத்தில் ஓம், சாகேல்லை என்று சொல்லியிருந்தால் எல்லாம் சுலபமாக முடிந்திருக்கும். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செத்துத்தான் போச்சு, பிள்ளை," என்றேன். "நெல்லாத் திருப்பி வராது. ஆனா தம்பியா வருது. நீயும் அப்பிடித்தான் வந்தனி. உன்ரை இந்தக் கை இருக்கெல்லோ, இது நீ சாப்பிட்ட சோறு. இந்த விரல் பயறு. இந்தக் கன்னம் பணிஸ்."

அவள் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலை மூக்கருகே கொண்டுபோய் மணந்துகூடப் பார்த்தாள். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னாள். எல்லாவற்றையும் சாப்பிடக்கூடாது, எழும்ப விருப்பமானவற்றைக் கொஞ்சம் விட்டுவைக்கவேண்டும்.

அதை எப்படிச் செய்வது என்று அவளிடமே கேட்டேன். அவள் நேராகச் சமையல் மேசைக்குப் போய், அவிக்காத பயறு இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா பயறு போட்டு வைக்கும் தகர ரின்னைத் திறந்து காட்டினார். கைநிறைய அள்ளிக்கொண்டு வேலியோரம் போய்ப் பூவரசுக்குக் கீழே நட்டாள். கையை உதறிவிட்டு வந்து தன் கோப்பையை நீட்டினாள். அக்கா அவித்த பயறை வைக்க, அவள் உட்கார்ந்து ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டு, இரண்டாம் முறையும் கேட்டாள். அக்கா எனக்கு முதுகு காட்டி நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

அதன் பிறகு வீட்டிலும் முன்பள்ளியிலும் அவளுடைய ஆட்சிதான். தாய் அரிசியைச் சுண்டால் அளக்கும்போது பக்கத்தில் போய் நின்று, விதைக்கு எடுத்து வைத்தீர்களா என்று கேட்பாளாம். அப்போதுதான் அவர்கள் வயலில் அரிவு வெட்டி முடிந்திருந்தது. தகப்பன் அவளைத் தூக்கிக்கொண்டு போய், வீட்டு மூலையில் தனியாகக் கட்டி வைத்திருந்த விதைநெல் மூட்டையைக் காட்டினாராம். இதை ஒருவரும் தொடமாட்டோம், வாற மழைக்கு இதைத்தான் விதைப்போம் என்று சொன்னாராம். அவள் மூட்டையில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அன்று இரவு சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டாள் என்று தாய் வந்து சொன்னார். எங்கள் வேலியோரம் பயறு, கௌபி, கடலை என்று கண்டபடி முளைத்தது. அணில்கள் அதை விட்டுவைக்கவில்லை. அக்காவுக்கு ரின்னை எட்டாத இடத்தில் வைக்கவேண்டி வந்தது.

பங்குனியில் பிள்ளை பிறந்தது. தம்பி இல்லை, தங்கச்சி. எப்படி இருக்கிறாள் என்று நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று கேட்டோம். இன்னும் நித்திரைதான், எழும்பினால் அழுகிறாள், அதற்கு நித்திரையே நல்லது என்றாள் எங்கள் பிள்ளை. அவளுக்கு அப்போது தங்கச்சியைவிட எள்ளுப் பூவில்தான் கவனம். வெள்ளையில் இலேசாக ஊதா கலந்த பூக்கள் தண்டு நெடுக நின்றன. தேனீ உள்ளே போனால் பூ ஆடும். பிள்ளைகளும் சேர்ந்து ஆடுவார்கள்.

சித்திரை விடுமுறையில் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை கொட்டியது. விடுமுறை முடிந்து முன்பள்ளி திறந்து பார்த்தபோது கால்வாசிக் காய் கறுத்துப் போயிருந்தது. மிஞ்சியதை வெட்டி, கட்டாகக் கட்டிச் சுவரில் சாத்திக் காயவைத்தோம். காய் வெடிக்கத் தொடங்கியதும் நிலத்தில் என் பழைய சேலை ஒன்றை விரித்துக் கட்டுகளைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினேன். எள்ளு சொரிந்தது. ஒரு சின்னவன் மெதுவாகத் தன் கையை அதற்குக் கீழே நீட்டி, உள்ளங்கையில் விழும் எள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தான். புடைத்து எடுத்தபோது ஒரு சுண்டுக்கும் குறைவுதான். பாதியைச் சின்னப் போத்தலில் போட்டு மூடி, அடுத்த வருஷத்துப் பிள்ளைகளுக்கு என்று அலுமாரியின் மேல்தட்டில் வைத்தோம். யார் சொல்லியும் அல்ல. அவள்தான் போத்தலைக் காட்டி அளவு சொன்னாள், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று.

மற்றப் பாதியோடு பேக்கரிக்குப் போனோம். பேக்கரிக்காரர் அன்று துவைத்த சேட் போட்டிருந்தார். தட்டுகள் தயாராக இருந்தன. பிள்ளைகள் முந்தியைவிட நிதானமாகத் தூவினார்கள்; தாங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்தது என்பதால் நிலத்தில் விழுந்ததையும் பொறுக்கி எடுத்தார்கள். அவள் தன் பங்கைத் தூவி முடித்து, விரல்களைத் தட்டிவிட்டு, தட்டுக்கு மேல் குனிந்து பணிஸிடம் ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"போயிட்டு வாங்கோ," என்றாள்.

யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. பேக்கரிக்காரருக்கும் கேட்டிருக்கவேண்டும். போறணைக் கதவைத் திறக்கப்போன கையை நிறுத்தி, அவள் நிமிர்ந்து தள்ளி நிற்கும்வரை காத்திருந்தார். பிறகுதான் தட்டை உள்ளே தள்ளினார்.

அன்று அவள் ஒரு பணிஸை முழுதாகச் சாப்பிட்டாள். எள்ளு ஒன்றும் கிள்ளப்படவில்லை. இரண்டாவதைப் பாதியாகப் பிய்த்து, மாவுக் கையோடு நின்ற பேக்கரிக்காரருக்கு ஒரு பாதியைக் கொடுத்தாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து சாப்பிட்டார். நன்றாக வந்திருக்கிறது என்பதுபோல் அவர் தலையாட்ட, அவளும் தலையாட்டினாள். தங்கச்சிக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். பல்லில்லாத பிள்ளைக்குப் பணிஸ் எதற்கு என்று நான் சொன்னதற்கு, அம்மா சாப்பிட்டால் பாலாகப் போகும்தானே என்று என்னைப் பார்த்தாள். ஒன்றைக் கடதாசியில் சுற்றிக் கொடுத்தோம்.

திரும்பும்போது பிள்ளைகள் வழக்கம்போல் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். கையில் இருந்த மிச்சப் பணிஸிலிருந்து எள்ளு உதிர்ந்துகொண்டு வந்தது. ஒழுங்கை முடக்கில் யாருடையதோ ஒரு கோழி வேலிப் படலைக்குக் கீழால் நுழைந்து வந்து, எங்கள் வரிசைக்குப் பின்னால் ஒவ்வொன்றாகக் கொத்தத் தொடங்கியது. பிள்ளைகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் நின்று திரும்பிப் பார்த்தாள். இப்போது இதற்கு என்ன வழக்கு வரப்போகிறதோ என்று நான் கயிற்றின் மற்ற நுனியில் காத்திருந்தேன்.

"அதுக்கும் பசிக்கும்தானே, ரீச்சர்," என்றாள். பிறகு பணிஸைப் பக்குவமாக நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கயிற்றைப் பிடித்து நடந்தாள்.